படகுக்குள் தண்ணீர் ஊற்றியவன்

பெண் கேட்டு வந்தவன் கொல்லைப்புறத்தையே பார்த்துக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வந்தது. எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? சரக்குக் கிடங்கின் வாசலில் நின்று, உள்ளே போகிற வண்டியையும் வெளியே வருகிற வண்டியையும் தட்டித் தடவிப் பார்த்து அனுப்புகிற உத்தியோகம் என்னுடையது. சிரித்துச் சிரித்துப் பேசுகிற டிரைவரைத்தான் முதலில் கீழே இறங்கச் சொல்வேன். இவனும் சிரித்தான்.

வந்தவன் வெல்டர். கடைத்தெருவில் என் தங்கச்சியின் தையல் கடைக்கு நேர் எதிரே அவன் பட்டறை. கேட்டையும் ஜன்னலையும் பற்றவைக்கிறவன் எதிர்க்கடையிலும் எதையோ பற்றவைத்துவிட்டான் என்று முன்பே என் காதில் விழுந்திருந்தது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் கல்யாணம் ஆகாதவன். ஏன் ஆகவில்லை? எனக்கும்தான் ஆகவில்லை, அது வேறு விஷயம்.

தங்கச்சிக்கு நாற்பது தாண்டிவிட்டது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், மாரடைப்பில் போய்ச் சில வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. மாடி அறையில் நான், கீழே அவள். சமையல் அவள் பொறுப்பு. ஒழுகுகிற குழாய், எரியாத பல்பு, வாசலில் வந்து நிற்கிற விற்பனைக்காரர்கள் எல்லாம் என் பொறுப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் வந்த வாரம் ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்.

“அண்ணா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ஆனா நீ சரின்னு சொன்னாத்தான். நீ வேணாம்னா நானும் விட்டுடறேன். உன்னை மீறிப் போக மாட்டேன்.”

இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? அதை அவளிடம் சொல்ல முடியுமா? “பாக்கலாம். ஆளை முதல்ல பாக்கலாம்” என்றேன்.

அப்படித்தான் வந்தான். டீயைக் குடித்தான், சிரித்தான், கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தான். அங்கே மாப்பிள்ளையின் அலுமினியப் படகு கவிழ்ந்து கிடந்தது. பன்னிரண்டு அடி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் தூண்டில் போட அவர் வாங்கியது. அவர் போன பிறகு அதன் அடியில் பக்கத்து வீட்டுப் பூனை மூன்று தடவை குட்டி போட்டுவிட்டது.

“அண்ணே, அந்தப் படகை நான் சரி பண்ணித் தரட்டுமா? இவங்களுக்கு அதுல போகணும்னு ஆசையாம். மாப்பிள்ளை இருந்தப்ப ஒரு தடவைகூடப் போகலையாம், பயந்துக்கிட்டு” என்றான்.

எனக்கே தெரியாத சங்கதி. என் தங்கச்சியின் ஆசையை இன்னொருத்தன் வந்து எனக்குச் சொல்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இவன் நம் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யட்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம். எவ்வளவு நாளைக்குத்தான் சிரித்துக்கொண்டே இருப்பான்?

“தாராளமா பண்ணுங்க” என்றேன்.

படகை ஏற்றி வைக்க ஸ்டாண்டு நான் அடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கிடங்கில் கழித்துப் போட்ட பலகைகள், நல்ல கனமான கட்டைகள். தகர ஷெட்டில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்தேன். வெல்டர் வந்து கையால் ஒரு தடவை அசைத்துப் பார்த்தான். ஒரு விநாடி எதுவும் பேசவில்லை.

“அருமையா இருக்குண்ணே” என்றான்.

அந்த ஒரு விநாடியை நான் மறக்கவில்லை.

முதல் நாளே உள்ளே இருந்த பலகை இருக்கைகளைக் கழற்றினான். அடியில் அடைத்திருந்த தெர்மோகோலைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். மாப்பிள்ளை எதையாவது ஒளித்து வைத்திருப்பார் என்று தேடுகிறானோ? “என்ன தேடறீங்க?” என்று கேட்டேன். “தண்ணி குடிச்சிருக்கான்னு பாக்கறேன். குடிச்சிருந்தா கனம் ஏறிடும், மாத்தணும்” என்றான். வாயில் பதில் தயாராக வைத்திருக்கிறான் பாருங்கள். கிடங்கு வாசலில் இப்படிப் பதில் வைத்திருக்கிறவனைத்தான் மறுபடி சோதிப்போம்.

இரண்டாவது, அவன் வெல்டர். ஊரெல்லாம் பற்றவைக்கிறவன். என் வீட்டுப் படகில் ஒரு பொட்டு பற்றவைக்கவில்லை. கேட்டால், “இது பழைய மெல்லிசுத் தகடுண்ணே. சூடு பட்டா பக்கத்துல இருக்கிற ரிவிட் ஆணியெல்லாம் தளர்ந்துடும். ஒண்ணை அடைக்கப் போய் நாலு ஓட்டை ஆகும்” என்றான். தையல்காரன் ஊசியைத் தொட மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது எனக்கு.

மூன்றாவதுதான் உச்சம். வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், என் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்த படகுக்குள் ஹோஸ் பைப்பை விட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறான்! படகுக்கு வெளியே தண்ணீர் இருக்கும், கேள்விப்பட்டிருக்கிறோம். படகுக்கு உள்ளே ஊற்றுகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

“பாப்பா, இங்க வந்து பாரு! உன் ஆளுக்கு மூளை கலங்கிடுச்சு!”

அவள் ஓடி வந்தாள். வெல்டர் படகின் அடியில் மல்லாந்து படுத்திருந்தான். நெஞ்சில் டார்ச், கையில் மெழுகுப் பென்சில். வெளிப்பக்கம் எந்த ரிவிட்டில் நீர் துளிர்க்கிறதோ அதைச் சுற்றி ஒரு வட்டம். “ஏரியில போட்டுப் பாத்தா எங்க ஒழுகுதுன்னு தெரியாது. உள்ள ஊத்துனா அதுவே காட்டிக்கொடுத்துடும்” என்றான் கீழேயிருந்து. தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ரிவிட் அடிக்கிற வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து சுத்தியலால் அடிக்க, இன்னொருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டையை அதே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். இரண்டு அடிக்கே என் மணிக்கட்டு விண்விண்ணென்றது. “நீ தள்ளுண்ணா” என்று அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் உள்ளேயிருந்து ஒரு தட்டு. உடனே அவன் அடிப்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. என்ன சங்கேதம் இது, என் கண் முன்னாலேயே? நான் ஸ்டூலைப் போட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தேன். கவனித்து என்ன, எதுவும் அகப்படவில்லை. அகப்படாமல் போகப் போக எனக்கு எரிச்சல்தான் ஏறியது.

“என்னண்ணா முடிவு பண்ணின?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் “படகு முடியட்டும்” என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒருநாள் கிடங்கில் லோடு வராததால் மத்தியானமே திரும்பிவிட்டேன். பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே ஷெட்டுக்குள்ளிருந்து வெல்டரின் குரல். போனில் பேசுகிறான். நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் என் வீட்டுத் தகரம், என் காது.

“ஆமா, அண்ணனுக்கு ஆப்பு வெச்சாச்சு... இல்ல இல்ல, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா குதிப்பாரு. வேலை முடிஞ்சதும் சத்தமில்லாம எடுத்துடலாம்... நீ வாயைத் திறக்காத.”

எனக்கு உச்சந்தலையில் யாரோ வெந்நீரை ஊற்றின மாதிரி இருந்தது. ஆப்பு! எனக்கே ஆப்பு! இத்தனை நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தும் அகப்படாதது, இன்று தானாக வந்து காதில் விழுகிறது. என்ன ஆப்பாக இருக்கும்? வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறானா? என்னை மாடியிலிருந்து கிளப்பப் பார்க்கிறானா? அந்தப் பக்கம் பேசுவது யார்? கூட்டாளியா? நான் நினைத்தது சரி, சிரிக்கிறவனை நம்பக் கூடாது என்று நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த ஆத்திரத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். இனி அவள் எங்கேயும் போக மாட்டாள்.

சந்து வழியே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து ஷெட்டுக்குள் நுழைந்தேன். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே இருட்டாக இருந்தது. ஸ்டாண்டில் படகு. மறுபடி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர். வெல்டரைக் காணோம். என் ஸ்டாண்டு, என் கட்டை, என் ஷெட், எனக்கே ஆப்பா?

“யாருக்குடா ஆப்பு வைக்கிற?” என்று கத்தினேன். காலைத் தூக்கி ஸ்டாண்டை ஒரு உதை விட்டேன்.

முன்கால் ஒன்று பட்டென்று பிளந்து விழுந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளேயிருந்த தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் புரண்டு, விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. படகு இன்னும் கொஞ்சம் சாய்ந்து, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு, அப்படியே நின்றது. அடியிலிருந்து ஒரு குரல்.

“அண்ணே! அண்ணே, நான் உள்ள இருக்கேன்!”

மறுபக்கமாக அவன் ஊர்ந்து வெளியே வந்தான். தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். தோளில் தகடு உரசி ரத்தம். முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் சிரிக்காமல் அன்றுதான் பார்த்தேன்.

“ஆப்பு பிடிச்சுக்கிச்சு” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. “இல்லைன்னா அவ்வளவும் என் நெஞ்சு மேல.”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். படகின் நடு அடிக்கும் ஸ்டாண்டின் குறுக்குக் கட்டைக்கும் இடையே, இரண்டு பக்கமும், புதுசாகச் சீவின மரத்துண்டுகள். ஒரு முனை தடிமனாக, ஒரு முனை மெலிசாக. சுத்தியலால் இறுக்கி அடித்திருந்தான். ஆப்பு. நிஜமான ஆப்பு.

“ஸ்டாண்டு முதல் நாள்லேருந்தே ஆடுச்சுண்ணே” என்றான். “ஒரு கால் குட்டையாயிருந்துச்சு. நீங்க ஆசையா அடிச்சது, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல. இப்பதான் உங்க தங்கச்சி கடையைப் பூட்டிட்டு வர்ற வழியில போன் பண்ணி, தண்ணி புடிச்சிருக்கீங்களே, அண்ணன் ஸ்டாண்டு தாங்குமான்னு கேட்டாங்க. அண்ணனுதுக்கு ஆப்பு வெச்சாச்சுன்னு சொன்னேன்.”

அண்ணனுதுக்கு. ஒரே ஒரு ‘து’. மோட்டார் இரைச்சல் அதை முழுங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, நம்பமாட்டீர்கள். பயந்து போய் வருகிற சிரிப்பு. “அட கடவுளே, நான் என்னமோன்னு...” என்று ஆரம்பித்தவன் திரும்பினேன். ஷெட் வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். கையில் கடைச் சாவிக்கொத்து. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

அவன் தோளுக்கு அவள்தான் மருந்து போட்டாள். அவன் போன பிறகு எனக்குச் சோறு போட்டாள். எதிரே உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அவரு அடியில இருந்தது தெரிஞ்சு உதைச்சியா, தெரியாம உதைச்சியா?”

“என்ன கேள்வி பாப்பா இது? தெரியாமத்தான்! சத்தியமா ஆளே என் கண்ணுல படல!”

“ஆளே கண்ணுல படலைன்னா யாரைப் பாத்து ‘யாருக்குடா’ன்னு கத்துன?”

பதில் இருந்தது. ஆத்திரம் வந்தால் ஆளில்லாத இடத்திலும் கத்துகிறவன் நான். குழாய் ஒழுகினால் குழாயைத் திட்டுவேன். அது அவளுக்கே தெரியும். அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே, ரொம்பத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரி என் காதுக்கே கேட்டது.

“அவரு செருப்பு வெளிய தெரிஞ்சுது. நான் வாசல்லேருந்தே பாத்தேன்” என்றாள்.

“நான் வெயில்லேருந்து வந்தேம்மா. எனக்கு எதுவும் தெரியல. உன் மேல ஆணையா தெரியல.”

“என் மேல எதுக்கு ஆணை வைக்கற?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். “நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னுதான் இழுத்தடிச்சேன். அது உண்மை. ஆனா ஒருத்தன் உசுரை எடுக்கிறவனா நான்? சரி பாப்பா. சரி. நாளைக்கே வேணாலும் பண்ணிக்கோ. நல்லவன். நான்தான் முட்டாள்.”

“இத்தனை நாள் இந்த ஒரு சரிக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். “இப்ப நீ சொல்றதை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு எனக்குத் தெரியல.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதிலிருந்து பார்க்கிற முகம். அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தேடுகிற மாதிரி பார்த்தாள். “நம்பறேன், விடு. சாப்பிடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெல்டர் என்னவோ அன்றைக்கே மறந்துவிட்டான். மறுநாள் வந்து, “அண்ணே, வாங்க, ஸ்டாண்டை ரெண்டு பேருமா சேத்து அடிப்போம்” என்றான். அடித்தோம். கால்களை அவன் அளந்தான், நான் அறுத்தேன். பின்பலகை இற்றுப்போயிருந்ததை மாற்றினோம். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்தோம். மூன்றாம் தடவை உள்ளே தண்ணீர் ஊற்றியபோது ஒரு ரிவிட்டில்கூடத் துளிர்க்கவில்லை. நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அவன் படகின் அடியில் நுழையும்போதெல்லாம் தங்கச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவாள். ஏதாவது ஒரு துணியை மடித்துக்கொண்டு, நான் போட்டு வைத்த அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவன் வெளியே வந்ததும் எழுந்து போவாள்.

கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனோம். அவளுக்குத்தான் ஆசை. இறக்கினோம். வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. மாப்பிள்ளை முதலில் ஏறிப் பின்பக்கம் போய் உட்கார்ந்து துடுப்பை எடுத்தார். லேசான காற்று, படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

தங்கச்சி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். பயம் முகத்தில் தெரிந்தது. நான் பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். படகின் விளிம்பை இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துக்கொண்டேன். இம்மி அசையவில்லை.

“ஏறு பாப்பா, ஆடாது. நான் பிடிச்சிருக்கேன்.”

அவள் ஏறவில்லை. என் கைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“அண்ணா, நீ கையை எடு.”

“விட்டா ஆடும்மா.”

“பரவால்ல. எடு.”

எடுத்தேன். படகு மறுபடி ஆட ஆரம்பித்தது. அந்த ஆட்டத்திலேயே அவள் காலை எடுத்து வைத்து ஏறி உட்கார்ந்தாள்.